வெண்பன்றிக் கறிக் கொழுக்கட்டை: அடுப்படியில் ஒரு விலங்கியல் பாடம்

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி

முன்னுரை

சமையலைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுவதா என்று நண்பர் சிலர் எண்ணக்கூடும். வகுப்பறையில் படித்த பாடம் வீட்டு அடுப்படியிலும் உதவுமானால் அதை எழுதுவதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

நாம் வாழும் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி, வயலும் ஆலையும் கலந்த பகுதி. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டைகளுள் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. இங்குள்ள இரும்பு உருட்டாலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் வேலை செய்யப் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து பலர் வந்து தங்கியுள்ளனர். வந்தவர்கள் தங்கள் உழைப்பை மட்டும் கொண்டு வரவில்லை. உணவையும் கொண்டு வந்தார்கள். மாலை வேளையில் கடைத்தெருவில் ஆவி பறக்க விற்கப்படும் ‘மோமோ’ என்னும் பண்டத்தை இன்று அறியாத மாணவர் இல்லை.

எங்கள் வீட்டிற்கு அடுத்த குடித்தனத்தில் டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று வாழ்கிறது. அவ்வீட்டு அம்மையாரைத் ‘தீதி’ என்றே நாங்கள் அழைப்போம். நேபாளி மொழியில் தீதி என்றால் அக்காள். என் தந்தையும் அவர் கணவரும் ஒரே ஆலையில் பணிபுரிபவர்கள். பன்றிக்கறி வைத்த மோமோவை வீட்டிலேயே செய்யும் முறையை அவரிடம் கற்றேன். அம்முறையையும், அதன் ஒவ்வொரு படிக்கும் உள்ள காரணத்தையும், பன்றிக்கறியைப் பற்றி நம்மிடையே நிலவும் ஓர் அச்சம் எந்த அளவுக்கு உண்மை என்பதையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

கொழுக்கட்டையின் உறவினர்கள்

மாவைத் தட்டி, நடுவில் உள்ளீடு வைத்து, மூடி, ஆவியில் வேகவைப்பது தமிழர்க்குப் புதியதன்று. பிள்ளையார் சதுர்த்தியன்று நம் வீடுகளில் செய்யும் கொழுக்கட்டை அதுவே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக் காஞ்சியில் மாங்குடி மருதனார், மதுரை நகரத்து அங்காடியில் உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் விற்கப்பட்டதைக் கூறுகிறார். அவ்வுள்ளீட்டுக்கு அவர் வழங்கும் சொல் ‘கவவு’ என்பது. அழகிய இச்சொல்லை நாம் மறந்துவிட்டு ‘பூரணம்’ என்கிறோம்.

நம் கொழுக்கட்டைக்கு உலகெங்கும் உறவினர்கள் உண்டு. சீனர்கள் ‘ஜியாவ்ஸி’ என்னும் பண்டத்தைக் கோதுமை மாவில் செய்கிறார்கள். சீனாவின் மேற்குக் கோடியில் உள்ள துர்ஃபான் பகுதியின் அஸ்தானா கல்லறைகளில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய பண்டங்கள் காய்ந்து கெடாத நிலையில் கண்டெடுக்கப்பட்டன. பாலைநிலத்தின் வறட்சி அவற்றைக் காத்துள்ளது. திபெத்தியரும் நேபாளத்து நேவாரி மக்களும் செய்வது மோமோ. 1959-க்குப் பின் திபெத்தியர் பலர் இந்தியாவுக்கு வந்து குடியேறியபின், இப்பண்டம் நம் நாட்டு நகரங்களில் மேலும் பரவியது.

ஆகவே தீதியின் மோமோவைக் ‘கறிக் கொழுக்கட்டை’ என்று அழைப்பதில் பிழையில்லை. என் பாட்டி அப்படித்தான் அழைக்கிறார். இப்பண்டம் எங்கள் வீட்டிற்குள் நுழைய அந்தப் பெயர்தான் வழிசெய்தது எனலாம்.

தொண்டை நாட்டில் பன்றிக்கறி

பன்றிக்கறி உண்பது தமிழர் வழக்கமன்று என்று கூறுவோர் உளர். இலக்கியம் வேறு விதமாகக் கூறுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஆண்பன்றியை வெளியே திரியவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைத்து, அதன் கறியை விருந்தினர்க்குக் கள்ளுடன் அளித்த செய்தி வருகிறது. நம் மாவட்டமும் அத்தொண்டை நாட்டைச் சேர்ந்ததே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அப்பன்றி தெருவில் திரிந்து கண்டதைத் தின்ற பன்றியன்று. அடைத்து வைத்து, நல்ல தீனி கொடுத்து வளர்த்த பன்றி. இன்றைய கால்நடை அறிவியலும் இதையே வற்புறுத்துகிறது. காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் ‘லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர்’ என்னும் வெள்ளை இனப் பன்றிகள் கொட்டிலில் வளர்க்கப்படுகின்றன. கடைகளில் ‘வெண்பன்றி இறைச்சி’ என்று பலகை எழுதி விற்பது இத்தகைய பண்ணைப் பன்றியின் கறியையே. அடைத்து வளர்ப்பதன் முழுப்பயன் என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

சமயத்தின் காரணமாகவோ குடும்ப வழக்கின் காரணமாகவோ பன்றிக்கறியை விலக்குவோர் பலர். அவர்கள் இதே முறையில் ஆட்டுக் கொத்துக்கறி, கோழிக்கறி, அல்லது முட்டைக்கோசும் காரட்டும் வைத்துச் செய்துகொள்ளலாம். ஒருவர் விலக்குவதை மற்றவர் மதிப்பதும், ஒருவர் உண்பதை மற்றவர் இகழாமலிருப்பதும் நல்ல அண்டை வீட்டாரின் இலக்கணம்.

தேவையான பொருள்கள்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு, ஆளுக்கு ஆறு வீதம் முப்பது கொழுக்கட்டைகள் செய்ய வேண்டியவை:

மேல்மாவுக்கு: மைதா 250 கிராம், தண்ணீர் ஏறத்தாழ 125 மில்லி லிட்டர், உப்பு ஒரு சிட்டிகை, எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

உள்ளீட்டுக்கு: பன்றிக் கொத்துக்கறி 250 கிராம், பொடியாக அரிந்த வெங்காயம் 100 கிராம், பொடியாக அரிந்த முட்டைக்கோசு 100 கிராம், இஞ்சி ஒரு விரல் நீளம், பூண்டு ஆறு பல், பச்சை மிளகாய் இரண்டு, கொத்துமல்லித் தழை ஒரு கைப்பிடி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி அளவு.

கறி வாங்கும்போது முழுதும் சதையாகக் கேட்கக் கூடாது. நான்கு பங்கு சதைக்கு ஒரு பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு இல்லாத கறி வெந்தபின் சக்கையாக இருக்கும். கொத்துவதற்கு முன் கறியைக் கண்ணால் பார்ப்பது நலம். சதைக்குள் அரிசி அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ வெண்மையான நீர்க்கொப்புளங்கள் தென்பட்டால் அக்கறியை வாங்கவே கூடாது.

மாவு பிசைதல்

அரிசி மாவுக் கொழுக்கட்டைக்குக் கொதிநீர் ஊற்றிக் கிளறுகிறோம்; மைதாவுக்குத் தீதி பச்சைத் தண்ணீரே ஊற்றுகிறார். ஏன் இந்த வேறுபாடு?

கோதுமையில் இருவகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது அவை இணைந்து ‘குளூட்டன்’ என்னும் இழுபடும் வலையாகின்றன. மைதா மாவை மெல்லியதாக இழுக்க முடிவது இதனால்தான். அரிசியில் இவ்வலை உண்டாவதில்லை. ஆகவே அரிசி மாவு ஒட்டிக்கொள்ள வேறு வழி தேவை. கொதிநீர் பட்டதும் அதிலுள்ள மாச்சத்து வீங்கிப் பசையாகி அவ்வேலையைச் செய்கிறது. நம் பாட்டிமார் காரணம் கூறாமல் கைப்பழக்கத்தால் செய்து வந்தது இதுவே.

மைதாவில் உப்பைக் கலந்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருத்தல் நலம். கடைசியில் எண்ணெய் தடவி, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்துவிட வேண்டும். பிசைந்தவுடன் தேய்த்தால் மாவு சுருங்கிக்கொள்ளும். ஊறும் நேரத்தில் அப்புரத வலை தளர்கிறது. பிறகு மாவு சொன்னபடி கேட்கும்.

உள்ளீடு தயாரித்தல்

முட்டைக்கோசைச் சிறிது உப்புடன் பிசிறிப் பத்து நிமிடம் வைத்து, நீரைப் பிழிந்துவிட வேண்டும். பிழியாவிட்டால் அந்நீர் வேகும்போது வெளிவந்து அடிமாவைக் கிழித்துவிடும். உப்பு, கோசின் உள்நீரைச் சவ்வூடு பரவலால் வெளியே இழுக்கிறது. முதலாண்டுப் பாடத்தில் உருளைக்கிழங்கைக் குடைந்து நாம் செய்து பார்த்த சோதனையை நினைவு கூர்க.

அடுத்து, கொத்துக்கறியில் முதலில் உப்பை மட்டும் போட்டு, ஒரே திசையில் ஐந்து நிமிடம் கையால் பிசைய வேண்டும். தசையிலுள்ள ‘மயோசின்’ என்னும் புரதம் உப்பில் கரைந்து பிசுபிசுப்பாகும். இப்பசை கொழுப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெந்தபின் கறி உதிராமல் ஒரே உருண்டையாக நிற்கும். பிறகு இரண்டு மூன்று கரண்டி தண்ணீரைச் சேர்த்துப் பிசைந்தால் அதையும் கறி உறிஞ்சிக்கொள்ளும். கொழுக்கட்டையைக் கடித்ததும் உள்ளே சாறு ஊறுவதன் இரகசியம் இதுவே. இறுதியாக வெங்காயம், கோசு, நசுக்கிய இஞ்சி பூண்டு, மிளகாய், மல்லித்தழை, மிளகுத்தூள் ஆகியவற்றைக் கலக்க வேண்டும்.

உப்பு சரியா என்று அறியப் பச்சைக் கறியை நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஒரு சிறு உருண்டையைத் தோசைக்கல்லில் முழுதும் வேகவைத்துச் சுவை பார்க்கலாம். இதற்கான காரணம் மேலே செல்லச் செல்ல விளங்கும்.

கோடை நாளில் நம் பகுதியின் வெப்பம் 40 டிகிரியையும் தொடுவதுண்டு. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். ஆகையால் மாவு ஊறிய பின்னரே கறியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பிசைவது நல்லது.

பிடித்து மூடுதல்

மாவை முப்பது உருண்டைகளாக்கி, பூரிக்கட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுத் தடித்தும் இருக்கட்டும். ஓரங்களை மடித்துக் கூட்டும்போது அங்கே மாவு பல அடுக்காகிவிடும். முதலிலேயே மெல்லியதாக இருந்தால்தான் அது வேகும். நடுவில் ஒரு தேக்கரண்டி உள்ளீட்டை வைத்து, மோதகம் பிடிப்பதுபோல் மடிப்பு மடிப்பாகக் கூட்டி, உச்சியில் திருகி மூட வேண்டும். முதல் பத்து விதவிதமான வடிவில் வரும். சுவைக்கு வடிவம் தடையன்று. இந்த வேலையில் வீட்டார் அனைவரும் சேரலாம். எங்கள் வீட்டில் தம்பி உருட்டுவான், அம்மா தேய்ப்பார், நானும் பாட்டியும் மூடுவோம். பாட்டி பன்றிக்கறி உண்பதில்லை. அவர் பங்குக்குத் தேங்காய்ப் பூரணம் வைத்து ஐந்து கொழுக்கட்டை முதலில் தனியே பிடித்து, வேகவைத்து, எடுத்து வைத்துவிடுவோம்.

நீராவி செய்யும் வேலை

இதற்கெனத் தனிப் பாத்திரம் வாங்க வேண்டியதில்லை. இட்லிப் பானையே போதும். குழிகளில் எண்ணெய் தடவி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்க வேண்டும். தண்ணீர் தட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பின்னரே தட்டை வைத்து, அப்போதிருந்து 15 நிமிடம் கணக்கிட வேண்டும். மூடியில் திரளும் நீர் சொட்டாதிருக்க மூடியைத் துணியால் கட்டிக்கொள்ளலாம்.

ஆவி எப்படி வேகவைக்கிறது? 100 டிகிரியிலுள்ள ஒரு கிராம் நீராவி, குளிர்ந்த பொருளின் மேல் பட்டு நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை விட்டுக்கொடுக்கிறது. அதே ஒரு கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குக் குளிரும்போது தருவது 30 கலோரியே. இதைத்தான் இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஆவி சுட்டால் வெந்நீர் சுட்டதைவிடக் கடுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம். மூடியை நமக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும்.

ஆனால் ஆவி தொடுவது மேற்பரப்பை மட்டுமே. அங்கிருந்து நடுப்பகுதிக்கு வெப்பம் மெல்லக் கடந்து செல்ல வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு போதாது; ஏறத்தாழ நான்கு மடங்கு தேவைப்படும். பெரிய கொழுக்கட்டை செய்து விருந்தினரை அசத்தலாம் என்று எண்ணுவோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். மேல்மாவு வெந்து பளபளப்பாகிவிட்டதைப் பார்த்து உள்ளேயும் வெந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

கொத்திய பன்றிக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரி வெப்பத்தை அடைய வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பார்க்கலாம். இல்லாதவர் தட்டின் நடுவிலுள்ள பெரிய கொழுக்கட்டை ஒன்றை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். கறி முழுவதும் இளஞ்சிவப்பு மாறி இறுகி, சாறு தெளிவாக இருக்க வேண்டும். சிறிது ஐயம் இருந்தாலும் மேலும் ஐந்து நிமிடம் வைக்கலாம். ஆவியில் வேகும் பண்டம் ஐந்து நிமிடத்தால் கெட்டுவிடாது.

டார்ஜிலிங் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கடலுக்கு அருகிலுள்ள நம் பகுதியில் 100 டிகிரியில் கொதிக்கிறது. “ஊரைவிட இங்கே சீக்கிரம் வேகிறது” என்று தீதி வியந்து கூறியதன் காரணம் இதுதான். எனினும் 15 நிமிடத்தை நாங்கள் குறைப்பதில்லை.

தொட்டுக்கொள்ள, நான்கு தக்காளியும் ஆறு காய்ந்த மிளகாயும் ஐந்து பல் பூண்டும் சேர்த்து வேகவைத்து, உப்புடன் அரைத்தால் போதும்.

அச்சமும் உண்மையும்

இனி முக்கியமான செய்திக்கு வருகின்றேன். “பன்றிக்கறி தின்றால் மூளையில் பூச்சி ஏறும்” என்று நம் ஊர்களில் கூறுவர். இதில் பாதி உண்மை உண்டு. பாதி உண்மை முழுப் பொய்யைவிடத் தீங்கு செய்வதும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு சிறுவனுக்குத் திடீரென வலிப்பு வந்தது. மருத்துவமனையில் தலையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியிருப்பதாகத் தெரிந்தது. அச்சிறுவனின் வீட்டாரோ புலால் தொடாதவர்கள். உடனே தெருவார் பார்வை தீதியின் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர்கள் பன்றிக்கறி சமைப்பதால்தான் இது வந்தது என்றும், கறியின் ஆவி பட்டாலே ஆகாது என்றும் பேச்சுக் கிளம்பியது. வீட்டுக்குச் சொந்தக்காரர், மாத முடிவில் வீட்டைக் காலி செய்யுமாறு சொல்லிவிட்டார்.

அந்நாளில் நான் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பாடம் ‘டீனியா சோலியம்’. அதன் வாழ்க்கைச் சுழற்சியை இங்கே சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதிர்ந்த நாடாப்புழு வாழ்வது மனிதனின் குடலில். பன்றியின் குடலில் அன்று. இரண்டு முதல் ஏழு மீட்டர் வரை வளரும் அப்புழுவின் கடைசிக் கண்டங்கள் பல்லாயிரம் முட்டைகளுடன் மனித மலத்தில் வெளியேறுகின்றன. வெளியில் திரியும் பன்றி அம்மலத்தைத் தின்னும்போது முட்டைகள் அதன் வயிற்றில் பொரிந்து, இளம்புழுக்கள் இரத்தத்தின் வழியே தசையை அடைந்து, ‘சிஸ்டிசெர்கஸ்’ எனப்படும் நீர்க்கொப்புளங்களாகத் தங்குகின்றன. அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் மனிதன் உண்டால், கொப்புளத்திலுள்ள தலை குடலில் ஒட்டிக்கொண்டு நாடாப்புழுவாக வளர்கிறது. இது ஒரு வழி.

மற்றொரு வழியே ஆபத்தானது. குடலில் புழுவுள்ள மனிதன் கழிப்பறை சென்று வந்து கைகழுவாமல் உணவைத் தொட்டாலோ, மலம் கலந்த நீர் குடிநீரிலும் காய்கறியிலும் சேர்ந்தாலோ, முட்டைகள் இன்னொருவர் வயிற்றை அடைகின்றன. அப்போது அம்மனிதர் பன்றியின் இடத்தில் இருக்கிறார். இளம்புழு அவர் தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் செல்லக்கூடும். மூளையில் தங்கினால் வலிப்பு வரலாம். இவ்வாறு முட்டையை விழுங்குவதற்கு ஒருவர் பன்றிக்கறியை உண்டிருக்க வேண்டியதே இல்லை. சைவ உணவினருக்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

இந்நோய் பரவலாக உள்ள நாடுகளில், வலிப்பு நோயாளரில் 30 விழுக்காட்டினர் வரை இதனால் துன்புறுவதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஒரு காலத்தில் இந்திய நோயாளிகளின் மூளைப் படங்களில் தெரிந்த சிறு கட்டிகள் பலவற்றைக் காசநோய்க் கட்டிகள் என்றே கருதிச் சிகிச்சை அளித்து வந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை இந்த இளம்புழுவால் விளைபவை என்பதை 1980-களின் இறுதியில் மெய்ப்பித்தவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமை.

நான் பாடநூலிலுள்ள சுழற்சிப் படத்தைப் பெரிய தாளில் வரைந்து, அச்சிறுவனின் தாயாரிடமும் வீட்டுக்காரரிடமும் காட்டினேன். தாயார் அப்படத்தை மருத்துவரிடமே எடுத்துச் சென்று கேட்டார். “முட்டை கையாலும் நீராலும் வருவது, அண்டை வீட்டுக் கறியின் ஆவியால் வருவதன்று” என்று அவர் விளக்கினாராம். முட்டை உடலில் நுழைந்து வலிப்பாக வெளிப்பட மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஆகையால் அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரைச் சுட்டிக் கூற எவராலும் இயலாது.

ஆனால் சுட்டிக் கூறத்தக்கது ஒன்று எங்கள் வளாகத்திலேயே இருந்தது. ஏழு குடித்தனத்திற்கு இரண்டே கழிப்பறைகள். அருகில் கைகழுவக் குழாய் இல்லை. மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி அடிகுழாய்ப் பக்கம் வழிந்து கொண்டிருந்தது. எல்லாரும் தீதியின் இட்லிப் பானையைப் பார்த்தார்களேயன்றி, இதைப் பார்க்கவில்லை. என் தந்தையும் மற்றக் குடித்தனக்காரரும் சேர்ந்து வீட்டுக்காரரிடம் பேசினர். தொட்டி சீர்செய்யப்பட்டது, கழிப்பறை வாயிலில் ஒரு குழாயும் சோப்புக்கட்டி வைக்க ஒரு மாடமும் அமைந்தன. காலி செய்யும் பேச்சு அதன்பின் எழவில்லை. அச்சிறுவன் மருந்து உட்கொண்டு பள்ளி சென்று வருகிறான்.

பெரும்பாணாற்றுப்படையின் பன்றியை இங்கே மீண்டும் நினைக்கலாம். குழியில் அடைத்து நெல்மாவு ஊட்டிய பன்றிக்கு மனித மலத்தை அணுக வழியில்லை. கொட்டிலில் வளரும் பண்ணைப் பன்றிக்கும் அவ்வாறே. மனிதன் கழிப்பறையைப் பயன்படுத்தி, பன்றியைக் கொட்டிலில் வைத்தால் புழுவின் சுழற்சி அறுந்துவிடும். குற்றவாளி பன்றி அன்று. மலத்தை வெளியில் விட்ட மனிதனே என்க.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கறியை நடுப்பகுதி வரை முழுதாக வேகவைக்க வேண்டும். இது நம்மைக் காப்பதற்கு மட்டுமன்று. நம் குடலில் புழு வளர்ந்தால் அதன் முட்டையால் துன்புறுவது அண்டை வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். நன்றாக வேகவைத்தல் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமை.

2. கழிப்பறைக்குச் சென்று வந்ததும், சமைக்கும் முன்பும், உண்ணும் முன்பும் சோப்பிட்டு ஓடும் நீரில் கைகழுவ வேண்டும். சோப்பு முட்டையைக் கொல்வதில்லை, கையிலிருந்து அகற்றிவிடுகிறது. ஆகையால் தேய்த்துக் கழுவுவதே முக்கியம். நகத்தை ஒட்ட வெட்டுவதும் அதனோடு சேர்ந்தது.

3. பச்சையாக உண்ணும் வெள்ளரி, காரட், மல்லித்தழை முதலியவற்றைப் பலமுறை நல்ல நீரில் அலச வேண்டும்.

4. பச்சைக் கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

5. மலத்தில் வெண்ணிற நாடாத் துண்டுகள் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, வெட்கமும் மறைப்பும் இன்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாமாகவே பூச்சி மருந்து வாங்கி உண்ணுதல் கூடாது. மூளையில் கட்டி இருப்பின் சில மருந்துகளால் வலிப்புத் தூண்டப்படலாம்.

முடிவுரை

ஒரு தட்டுக் கறிக் கொழுக்கட்டையில் வேதியியலும் இயற்பியலும் விலங்கியலும் சங்க இலக்கியமும் அடங்கியிருப்பதைக் கண்டோம். நோயைக் கண்டு அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் அஞ்ச வேண்டிய இடத்தை அறிந்து அஞ்ச வேண்டும். கழுவாத கையும், வழியும் கழிவுநீரும், அரைவேக்காட்டுக் கறியும் அஞ்சத்தக்கவை. அண்டை வீட்டில் வேறு மொழி பேசி, வேறு உணவு சமைக்கும் குடும்பம் அஞ்சத்தக்கதன்று.

தேர்வுக்குப் படித்துத் தேர்வோடு மறந்துவிடும் பாடங்கள் பல. அவற்றுள் ஒன்றையேனும் நாம் வாழும் தெருவுக்குப் பயன்படுமாறு எடுத்துச் சொல்வது மாணவர் கடமை. நம்மில் பலர் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பல மாநிலத்தவர் நெருங்கி வாழும் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். வரும் விடுமுறையில் விரும்புவோர் இக்கொழுக்கட்டையைச் செய்து பாருங்கள். விரும்பாதோர், வீட்டிலுள்ள குழந்தைகளுக்குக் கைகழுவும் முறையையாவது கற்றுக்கொடுங்கள். இரண்டும் செய்தால் மிக நன்று.